மூன்று வாக்கு, மூன்று உறுப்பினர்: நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியின் வரலாறு

தேர்தல் முடிவுகள் வெளியாகும் இரவுகளில் நுவரெலியா - மஸ்கெலியா என்ற பெயர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தவறாமல் ஒலிக்கின்றது. இன்று அது நுவரெலியா தேர்தல் மாவட்டத்தில் வாக்குகள் எண்ணப்படும் நான்கு பிரிவுகளுள் ஒன்று மட்டுமே. கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை ஆகியவை ஏனைய மூன்று. அப்பெயர் தாங்கிய பிரிவுக்கெனத் தனியாக உறுப்பினர் எவரும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அது தன் பெயரிலேயே மூன்று உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தேர்தல் தொகுதியாக இருந்தது. 1976 ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்தில் பிறந்து, 1977 ஜூலை 21 ஆம் திகதி நடைபெற்ற ஒரேயொரு பொதுத் தேர்தலைச் சந்தித்து, விகிதாசார முறையின் வருகையோடு மறைந்துபோன தொகுதி இது. அந்த ஒரு தேர்தலிலேதான் முப்பது ஆண்டுகளின் பின்னர் மலையகத் தமிழர் ஒருவர் மக்களின் வாக்குகளால் நாடாளுமன்றம் புகுந்தார்.

தொகுதிவாரி முறைக்குத் திரும்ப வேண்டும் என்ற குரல் தென்னிலங்கையில் அவ்வப்போது எழுவதும், அதனால் தமக்கு என்ன நேரும் என்ற ஐயத்தோடு சிறுபான்மையினர் அதைக் கேட்பதும் வழமையாகிவிட்டன. அந்த ஐயம் நியாயமானதே. எனினும் பழைய தொகுதி முறை முழுவதும் ஒரே வார்ப்பில் அமைந்ததல்ல. அதற்குள் பல அங்கத்தவர் தொகுதி என்றொரு ஏற்பாடும் இருந்தது. அது எவ்வாறு இயங்கிற்று என்பதை நம்மவர்களிற் பலரும் மறந்துவிட்டனர். அதை நினைவூட்டுவதற்கு நுவரெலியா - மஸ்கெலியாவிலும் பொருத்தமான உதாரணம் வேறில்லை எனக் கருதுகின்றோம்.

சோல்பரி அரசியலமைப்பின்படி 75 ஆயிரம் சனத்தொகைக்கு ஓர் ஆசனமும், ஆயிரம் சதுர மைல் பரப்புக்கு ஓர் ஆசனமும் என்ற கணக்கில் 95 உறுப்பினர்கள் தெரிவு செய்யப்பட்டனர். மேலும் 6 பேர் நியமிக்கப்பட்டனர். ஒரு பகுதியில் இனத்தாலோ மதத்தாலோ பெரும்பான்மையினரிடமிருந்து வேறுபட்ட மக்கள் குறிப்பிடத்தக்க அளவில் செறிந்து வாழ்ந்தால், அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் கிட்டும் வகையில் இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்களைக் கொண்ட தொகுதியை எல்லை நிர்ணய ஆணைக்குழு அமைக்கலாம் என்றும் அதில் இடமளிக்கப்பட்டிருந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை டொனமூர் ஆணைக்குழு ஒழித்த பின்னர், அதற்கு மாற்றாகச் சிறுபான்மையினருக்குக் கிடைத்த சில கதவுகளில் இதுவும் ஒன்று.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி வாக்களிப்பு முறையிலேயே தங்கியிருந்தது. மூன்று அங்கத்தவர் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். அவற்றை மூவருக்குப் பிரித்து அளிக்கலாம். ஒருவருக்கு இரண்டும் மற்றொருவருக்கு ஒன்றுமாக அளிக்கலாம். விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். இந்தக் கடைசி வாய்ப்பே சிறுபான்மையினருக்கு ஆயுதமாயிற்று. 12 ஆயிரம் வாக்காளர்கள் ஒரே மனதாகத் தம் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே இட்டால் அவருக்கு 36 ஆயிரம் வாக்குகள் சேர்கின்றன. வாக்களிப்போரில் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இவ்வாறு ஒன்றுபட்டு நின்றால், எஞ்சிய முக்காற்பங்கினர் எவ்வளவு முயன்றாலும் அவர்களுடைய வேட்பாளரை முதல் மூன்று இடங்களிலிருந்து வெளியேற்ற முடியாது. இரண்டு அங்கத்தவர் தொகுதியில் அதற்கு மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வேண்டும். இதில் சலுகை எதுவுமில்லை. வெறும் கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கை அறிந்து கட்டுப்பாட்டோடு வாக்களிக்கும் சமூகத்துக்கே அது பலன் தந்தது.

இனி மலையகத்துக்கு வருவோம். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்துக்கு இந்தக் கணக்குப் பெரிதும் தேவைப்படவில்லை. தோட்டத் தொழிலாளர் வாக்குரிமை பெற்றிருந்த அத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளரும் கவிஞருமான சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா ஆகிய நால்வரும், பின்னாளில் நுவரெலியா - மஸ்கெலியா என ஒன்றாக்கப்பட்ட நிலப்பரப்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தனி அங்கத்தவர் தொகுதிகளிலிருந்தே வந்தனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணைபோயின. ஐக்கிய தேசியக் கட்சித் தலைமையை அச்சுறுத்தியது இந்த இரண்டாவது விளைவே என்பது எமது கருத்து.

அடுத்து நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் வழியொன்றைக் காட்டியது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தபோதிலும் ஈற்றில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றியது. தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு, எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவியதற்கும் இச் சட்டங்கள் முக்கிய காரணமாயின.

ஆட்கள் நீக்கப்பட்டார்களே தவிர ஆசனங்கள் நீக்கப்படவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தோட்ட மக்களின் தலைகளையும் எண்ணி வகுக்கப்பட்ட அதே 95 ஆசனங்களுக்கே 1952 ஆம் ஆண்டுத் தேர்தலும் நடைபெற்றது. மலையகத் தொகுதிகளில் எஞ்சியிருந்த சிறுதொகை வாக்காளர்கள், வாக்கற்ற பல்லாயிரவரின் பெயரால் உருவான ஆசனங்களுக்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்தனர். வாக்குரிமை கோரி 1952 இல் தொழிலாளர் தலைவர்கள் நடத்திய சத்தியாக்கிரகம் பலனளிக்கவில்லை. தலவாக்கலை, கொட்டகலை என்ற தொகுதிப் பெயர்களும் காலப்போக்கில் மறைந்தன.

அதன் பின்னர் மலையகத்துக்கு எஞ்சியது நியமனம் ஒன்றே. 1960 இலும் 1965 இலும் தொண்டமானும், 1970 இல் ஏ. அஸீஸும் நியமன உறுப்பினர்களாயினர். ஆட்சியிலிருப்போரின் தயவில் பெறும் ஆசனம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்க்கலாம் என்று மக்கள் பங்கிடப்பட்டபோது, அவர்களால் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட நாடாளுமன்றத்தில் இருக்கவில்லை. பிறகு பார்க்கலாம் எனப்பட்ட அந்த ஒன்றரை இலட்சமும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது.

1972 ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் புதிய நாடாளுமன்றத்துக்கான நியமன உறுப்பினர் முறையும் இல்லாதொழிந்தது. ஆகவே அடுத்து வரும் பொதுத் தேர்தலில் வாக்குகளால் வெல்லாவிட்டால் மலையகத்துக்குச் சபையில் குரலே இராது என்ற நிலை. அந்த வேளையிலேதான் எல்லை நிர்ணய ஆணைக்குழு தன் பணியைச் செய்தது. ஓர் ஆசனத்துக்கான சனத்தொகை 90 ஆயிரமாக உயர்த்தப்பட்டிருந்தது. 160 தொகுதிகள், 168 உறுப்பினர்கள் என 1976 இல் முடிவாயிற்று. அவற்றுள் ஆறு தொகுதிகளே பல அங்கத்தவர் தொகுதிகள். கொழும்பு மத்தியும் நுவரெலியா - மஸ்கெலியாவும் மூன்று அங்கத்தவர் தொகுதிகள். மட்டக்களப்பு, பொத்துவில், ஹாரிஸ்பத்துவ, பேருவளை ஆகிய நான்கும் இரண்டு அங்கத்தவர் தொகுதிகள்.

நுவரெலியாவையும் மஸ்கெலியாவையும் ஒன்றாக்கி மூன்று ஆசனங்கள் வழங்கியதன் முக்கியத்துவத்தை அக்காலச் சூழலில் வைத்தே புரிந்துகொள்ள முடியும். பிரஜாவுரிமை பெற்ற தோட்டத் தொழிலாளர்கள் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை. ஒரு தோட்டத்தில் சில குடும்பங்கள், அடுத்த தோட்டத்தில் வேறு சில என்று லயங்களுக்குள் சிதறிக் கிடந்தனர். ஒரே லயத்தில் ஒரு வீட்டார் வாக்காளர், அயல் வீட்டார் நாடற்றவர். இதே நிலப்பரப்பு மூன்று தனித் தொகுதிகளாக வெட்டப்பட்டிருந்தால், ஒவ்வொன்றிலும் அவர்கள் வெல்ல முடியாத சிறு கூட்டமாகவே இருந்திருப்பர். எல்லைகளை அகற்றி ஒரே தொகுதியாக்கியதால்தான் சிதறிய வாக்குகள் ஒன்றுசேர்ந்தன. அவ்வாறு ஒன்றுசேர்ந்தவற்றை மும்மடங்காக்கும் வாய்ப்பும் கிட்டியது.

தேர்தலுக்கு முந்திய காலம் மலையகத்துக்கு இருண்ட காலம். உணவுத் தட்டுப்பாட்டின் போது தோட்டங்களில் பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. பெருந்தோட்டங்கள் அரசுடைமையானபோது பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்து நிலத்தைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இரண்டே மாதங்களில் தேர்தல் வந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அங்கமாக இருந்தபோதும், தொண்டமான் அதன் தலைவர் மூவருள் ஒருவராக விளங்கியபோதும், 1976 மே மாதத்தின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் வலியுறுத்தப்பட்ட தனிநாட்டுக் கோரிக்கை மலையகத்துக்குப் பொருந்தாது என்ற நிலைப்பாட்டையே அவர் எடுத்தார். தொழிலாளர் காங்கிரஸ் தன் பெயரிலேயே களமிறங்கியது.

முடிவு வெளியானபோது ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க முதலிடத்தையும், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க இரண்டாம் இடத்தையும், தொண்டமான் மூன்றாம் இடத்தையும் பெற்றிருந்தனர். தொழிலாளர் காங்கிரஸ் அத் தேர்தலில் நாடெங்கும் பெற்ற வாக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு தொகுதியிலிருந்தே வந்தன. வேறெங்கும் அதற்கு ஆசனம் கிடைக்கவில்லை.

நாடு முழுவதும் ஐக்கிய தேசியக் கட்சி 168 இல் 140 ஆசனங்களை அள்ளிச் சென்ற தேர்தல் இது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். முன்னைய ஆட்சிக் கட்சி 8 ஆசனங்களுக்குச் சுருங்கியது. அந்த எட்டில் இரண்டு, நுவரெலியா - மஸ்கெலியாவிலும் கொழும்பு மத்தியிலும், பல அங்கத்தவர் முறை இருந்ததாலேயே கிடைத்தவை. அதாவது இந்த ஏற்பாடு சிறுபான்மை இனங்களுக்கு மாத்திரமன்றி, அலையில் அடிபட்டுப்போன பெரும்பான்மை இனக் கட்சிக்கும் கைகொடுத்தது. தென்னிலங்கையில் இதைப் பற்றிப் பேசுவோர் அரிது.

ஏனைய ஐந்து தொகுதிகளையும் நோக்கினால் 1977 இல் இந்த முறை தன் நோக்கத்தை நிறைவேற்றியமை தெளிவாகும். கொழும்பு மத்தியில் ஆர். பிரேமதாசவோடு ஜாபிர் ஏ. காதர், ஹலீம் இஸ்ஹாக் ஆகிய இரு முஸ்லிம்கள் தெரிவாகினர். பேருவளையில் எம்.ஏ. பாக்கிர் மாக்கார் வென்று பின்னர் சபாநாயகராகவும் உயர்ந்தார். ஹாரிஸ்பத்துவவில் வென்ற ஏ.சி.எஸ். ஹமீத் வெளிநாட்டமைச்சரானார். பொத்துவிலில் ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.ஏ.எம். ஜலால்தீனும் கூட்டணியின் எம். கனகரத்தினமும் தெரிவாகினர். கனகரத்தினம் விரைவிலேயே அரசாங்கத் தரப்புக்குச் சென்று, 1978 ஜனவரியில் சுடப்பட்டு, 1980 இல் காலமானது தனிக் கதை.

மட்டக்களப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் எவ்வாறு நோக்கினர் என்பதை அது காட்டுகின்றது. 1960 முதல் இரண்டு அங்கத்தவர் தொகுதியாக இருந்த அங்கு, தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் என்பதே எதிர்பார்ப்பு. 1970 இல் செல்லையா இராஜதுரையும் சுயேச்சையாக நின்ற இராஜன் செல்வநாயகமும் தெரிவாகி, முஸ்லிம்களுக்கு ஆசனம் இல்லாது போயிற்று. 1977 இல் கூட்டணியின் பெயரில் இராஜதுரையும், தமிழரசுக் கட்சியின் பெயரில் கவிஞர் காசி ஆனந்தனும் நிறுத்தப்பட்டனர். இரு ஆசனங்களுக்கும் குறிவைத்ததாகவே அது முஸ்லிம் மக்களுக்குத் தோன்றியிருக்கும். மேடையில் தமிழ் பேசும் மக்கள் என்று ஒரே மூச்சில் முஸ்லிம்களையும் சேர்த்துப் பேசிய இயக்கம், அவர்களுக்கென வகுக்கப்பட்ட ஆசனத்தின் மீது கண்வைத்திருக்க வேண்டியதில்லை. இராஜதுரையோடு ஐக்கிய தேசியக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளர் அகமட் பரீத் வென்றார். இராஜதுரை 1979 இல் அரசாங்கத்துடன் இணைந்தமைக்கு இந்தத் தேர்தலின் கசப்பும் ஒரு காரணம்.

இரட்டை ஆசனம் பறிபோனால் என்ன நேரும் என்பதற்கு மூதூர் சான்று. 1970 இல் அங்கு ஏ.எல். அப்துல் மஜீதும் தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும் தெரிவாகினர். 1976 இல் சேருவில என்ற புதிய தொகுதி பிரிக்கப்பட, மூதூர் தனி அங்கத்தவர் தொகுதியாகியது. 1977 இல் மூதூரில் எம்.ஈ.எச். மஹ்ரூப் வென்றார். சேருவில சிங்கள உறுப்பினர் ஒருவருக்குச் சென்றது. தங்கத்துரை தோற்றார். அங்கு தமிழரின் தொகை மறைந்துவிடவில்லை. அதை ஆசனமாக்கும் கணக்கே மாறியது.

மீண்டும் நுவரெலியா - மஸ்கெலியாவுக்கு வருவோம். தேர்தல் முடிந்த அடுத்த மாதமே மூண்ட இனவன்செயல் தோட்டங்களையும் தாக்கியது. 1978 செப்டெம்பரில் தொண்டமான் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராகி ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அமைச்சரவையில் அமர்ந்தார். இதைக் கண்டித்தோரும் உளர், காலமறிந்த செயல் என்றோரும் உளர். எமது பார்வையில், 1986, 1988 ஆண்டுகளில் நாடற்றோர் பிரச்சினையை முடிவுக்குக் கொண்டுவர இயற்றப்பட்ட சட்டங்களை அமைச்சரவைக்குள் அவர் இருந்தமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. அவர் அங்கு சென்றதோ ஒரு மூன்றாமிட வெற்றியின் வழியாக. எஞ்சியோருக்கும் உரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தை அவர் காணவில்லை. 1999 ஒக்டோபர் 30 ஆம் திகதி அவர் காலமானார். ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான நாளும் அதுவே என்பது விசித்திரமான பொருத்தம்.

தொகுதியின் ஏனைய இருவரும் சாதாரணமானவர்கள் அல்லர். காமினி திசாநாயக்க மகாவலி அபிவிருத்திக்குப் பொறுப்பான அமைச்சராக விளங்கினார். 1983 இல் ஆறாவது திருத்தத்தின் விளைவாகக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தபின் அநுர பண்டாரநாயக்க எதிர்க்கட்சித் தலைவரானார். செல்வாக்குள்ள அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், தொழிலாளர் தலைவர் என மூவரையும் ஒரே தொகுதி கொண்டிருந்தது வேறெங்கும் கண்டிராத காட்சி. 1982 டிசம்பர் சர்வஜன வாக்கெடுப்பு அந் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீடித்ததால், ஒரே தேர்தலில் வந்த இம்மூவரின் தொகுதியும் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1989 பெப்ரவரியில் விகிதாசார முறையில் முதலாவது பொதுத் தேர்தல் நடைபெற்றபோது நுவரெலியா மாவட்டம் முழுவதும் ஒரே அலகாகியது.

விகிதாசார முறை சிறுபான்மையினருக்கு நன்மையே செய்தது. பிரஜாவுரிமை பெற்றோர் பெருகப் பெருக நுவரெலியா மாவட்டத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட மலையக உறுப்பினர்கள் தெரிவாகும் நிலை உருவாகியது. ஆதலால் 1977 இன் ஏற்பாட்டை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என நாம் வாதிடவில்லை. ஆனால் கலப்பு முறை என்ற பெயரில் கொண்டுவரப்படும் மாற்றங்களில், பல அங்கத்தவர் என்ற சொல்லின் பொருள் சத்தமின்றி மாற்றப்பட்டுள்ளதை மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் பல அங்கத்தவர் வட்டாரங்கள் இருந்தன. இன ரீதியாகக் கலந்து வாழும் இடங்களிலும் அவை அமைக்கப்பட்டதால், பழைய ஏற்பாடு திரும்பி வந்துவிட்டதாகச் சிலர் மகிழ்ந்தனர். ஆனால் அங்கே வாக்காளருக்கு இருந்தது ஒரேயொரு வாக்கு. அதுவும் வேட்பாளருக்கன்றிக் கட்சிக்கு. வட்டாரத்தில் முதலிடம் பெற்ற கட்சியே அவ் வட்டாரத்தின் இரண்டு ஆசனங்களையும், மூன்றாயின் மூன்றையும் எடுத்துக்கொண்டது. எஞ்சியோருக்கு விகிதாசாரப் பட்டியலே கதி. 1977 இல் நுவரெலியா - மஸ்கெலியாவில் இந்த விதி இருந்திருந்தால் மூன்று ஆசனங்களும் முதலிடம் பெற்ற கட்சிக்கே சென்றிருக்கும். தொண்டமானும் இல்லை, அநுர பண்டாரநாயக்கவும் இல்லை.

மாகாண சபைகளுக்கான புதிய தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கை 2018 ஆகஸ்ட் 24 ஆம் திகதி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. எதிராக 139 வாக்குகள் விழுந்தன. அதை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். முஸ்லிம் கட்சிகளும் மலையகக் கட்சிகளும் அதற்கு எதிராகக் குரலெழுப்பியபோது, ஆசனங்கள் குறைகின்றன என்பதே அவற்றின் பிரதான முறைப்பாடாக இருந்தது. எத்தனை ஆசனம் என்ற கேள்விக்கு முன்னர் வாக்காளருக்கு எத்தனை வாக்கு, அவற்றை ஒருவருக்கே குவிக்க முடியுமா என்ற கேள்விகளை அவை எழுப்பியிருக்க வேண்டும். அடுத்த முறை எல்லை நிர்ணயக் குழுவொன்று கருத்துக் கேட்க அமரும்போது, சமர்ப்பிக்கப்படும் மகஜர்களின் முதற்பக்கத்திலேயே இவ்விரண்டும் இடம்பெற வேண்டும்.